ஐஸ்: படைமுகாமில் இருந்து நம்மட சந்திக்கு

ஐஸ் என்று சொன்னால் ஐஸ்பழம் மட்டும் ஞாபகம் வந்த காலம் ஒன்று இருந்தது. இப்ப சாகாமத்திலயும் கல்முனையிலயும் அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம்: மெத்தம்ஃபெட்டமின். இது நேற்று வந்த பொருள் இல்ல. இதுக்கு நூறு வருசத்துக்கு மேல வரலாறு இருக்கு.

1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினில் இருந்து இதைத் தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாட்டா இதைப் பளிங்காக்கினார். 1938இல் ஜெர்மனியில் ‘பெர்விட்டின்’ என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் படையினர் நித்திரை கொள்ளாமல் முன்னேற அரசே இதைக் கொடுத்தது. ஜப்பானில் போர் முடிந்ததும் மிச்ச இருப்பு சந்தைக்கு வந்து ஆயிரக்கணக்கானோர் அடிமையானார்கள். 1951இல்தான் அங்கே தனிச் சட்டம் வந்தது.

இது உடம்புக்குப் புதுச் சக்தி எதையும் தருவதில்லை. மூளையில் டோபமினைக் கொட்டவைத்து, களைப்பு, பசி, நித்திரை என்ற எச்சரிக்கைகளை மறைக்கும். இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் ஏறும். 1967 ஜூலை 13, பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் டொம் சிம்ப்சன் கொதிக்கிற வெயிலில் மலையேறும்போது விழுந்து இறந்தார். அவர் உடம்பில் இதே குடும்பத்து அம்ஃபெட்டமின் இருந்தது. அடுத்த வருசமே ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனை தொடங்கியது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எடுத்ததில் ஒரு பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறும். பொதுவாக 2 முதல் 4 நாள் வரை பிடிபடும். முடியில் மாதக்கணக்கில் தங்கும். ஆனால் உடனடிச் சோதனை அட்டை முதல் படி மட்டும்தான். சில தடிமன் மருந்துகளும் அதில் ‘இருக்கு’ என்று காட்டிவிடும். அதனால்தான் ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்பு, நிறைமாலைமானி வழியாக உறுதிப்படுத்த வேண்டும்.

நம்மட நாட்டில் இது சின்ன விசயம் இல்ல. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி, 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம்.

சோதனை ஒன்றைத்தான் சொல்லும்: உடம்புக்குள்ள என்ன போனது என்று. ஒரு பொடியன் ஏன் நித்திரையை விரட்டத் தொடங்கினான், வேலைக்கா, பரீட்சைக்கா, கூட்டாளிக்காகவா என்று அது சொல்லாது. அதை அவனிட்ட நாமதான் கேட்கணும். பொலிஸ் கேட்க முந்திக் கேட்டால் இன்னும் நல்லது.