அச்சும் அச்சமும்

கண்டியின் வரலாறு என்றதும் அரசர்களும், பெரஹராவும், 1815 ஆம் ஆண்டு உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் இந்நகருக்கு வேறொரு வரலாறும் உண்டு. மக்கள் மனத்தில் அச்சம் எவ்வாறு விதைக்கப்பட்டது என்பதே அவ்வரலாறு. நாம் படிப்பதும் பார்ப்பதும் நமது மனநலத்தை எவ்வளவு பாதிக்கும் என்று உளவியலார் இன்று ஆராய்கின்றனர். கண்டிப் பிரதேசமோ அக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை விடை கண்டிருக்கிறது.

முதல் விடை 1915 இல் கிடைத்தது. கம்பளையில் தேவாலய ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கலாமா என்ற பிணக்கு 1912 இல் எழுந்தது. மாவட்ட நீதிமன்றம் 1914 இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; உயர் நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே 28 ஆம் நாள் இரவு, வெசாக் வேளையில், கண்டி காசில் ஹில் வீதியில் கலகம் மூண்டது. சில நாட்களுக்குள் அது பல மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களுடைய 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 80க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமுற்றன.

ஒரு வீதிச் சண்டை எவ்வாறு நாடளாவிய கலகமாயிற்று? இதன் பொருளாதார வேர்களைக் குமாரி ஜயவர்த்தன போன்ற ஆய்வாளர் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். உலக யுத்தத்தால் பண்டங்களின் விலை ஏறியிருந்தது. சில்லறை வணிகத்தில் கரையோரச் சோனகருக்கும் வளர்ந்துவந்த சிங்கள வணிகருக்கும் போட்டி நிலவியது. விலையேற்றத்தின் காரணம் யுத்தத்திலும் குடியேற்ற ஆட்சியிலும் இருந்தது. ஏழையின் கண்ணுக்குத் தெரிந்ததோ தெருமுனைக் கடைக்காரனின் முகம் மட்டுமே. அநகாரிக தர்மபாலவின் ‘சிங்கள பௌத்தயா’வும், பியதாச சிறிசேனவின் ‘சிங்கள ஜாதிய’வும் அம்முகத்தையே சுட்டிக்காட்டின, சோனகருடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாமென்று எழுதின. பசித்தவனுக்கு அவை பகைவனைக் காட்டினவேயன்றிப் பசியின் காரணத்தைக் காட்டவில்லை.

இரண்டாம் விடை 2018 இல் கிடைத்தது. அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி இருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி பரவியது. அது வெறும் மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஆயின் உண்மை புறப்படுமுன் பொய் மலைநாட்டை அடைந்துவிட்டது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3 ஆம் நாள் உயிரிழந்தார். தனிப்பட்ட குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாகச் சித்திரிக்கப்பட்டது. திகணவிலும் அயலூர்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தீப்பட்ட வீட்டினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6 ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. மறுநாள் பேஸ்புக் முதலிய தளங்கள் தடுக்கப்பட்டன. தனது தளம் இவ்வன்செயலில் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. எரிந்த கூரைகளுக்கு அம்மன்னிப்பு என்ன செய்யும்?

வெறுப்பைப் பரப்பும் ஊடகம் எதிரியென்று காட்டப்பட்டவனை மட்டும் தாக்குவதில்லை. தன் வாசகனையும் நோயாளியாக்குகிறது. மாத்திரைக் கதையை நம்பிய தாய் தன் மகளின் கருவுக்காக அஞ்சினாள். பத்தாண்டு பழகிய கடைக்காரரை ஐயுற்றாள். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் அதனை மெய்யென்று கொள்ளும் இயல்பை 1977 இலேயே உளவியலார் சோதித்துக் கண்டனர். 2013 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குண்டு வெடித்தபின், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்திகளிலேயே மூழ்கியிருந்தோர், சம்பவ இடத்தில் நின்றோரைவிடக் கூடிய மன உளைச்சலைத் தெரிவித்தனர். காட்சி கண்ணெதிரே நிகழ வேண்டியதில்லை. திரையில் ஓயாது ஓடினாலே மனம் காயமுறும்.

அவ்வச்சம் எவருக்கோ இலாபமாகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது. கண்கள் திரையை விட்டு அகலாதிருப்பதே இன்றைய ஊடக முதலாளியின் மூலதனம். கண்களைக் கட்டிப்போட அச்சத்தையும் சினத்தையும்விட மலிவான கயிறு வேறில்லை.

தடைகளால் இது தீருமா? 1915 இல் ஆட்சியாளர் இராணுவச் சட்டத்தை ஏவி, ‘சிங்கள பௌத்தயா’வைத் தடைசெய்தனர். 2018 இல் பேஸ்புக்கை ஏறக்குறைய ஒரு வாரம் மூடினர். வாய் அடைக்கப்பட்டது, செவி பழையபடியே இருந்தது. 2018 இலும் அயலவருக்குத் தம் வீட்டில் அடைக்கலமளித்த சிங்களக் குடும்பங்கள் இருந்தன. அவர்களைக் காத்தது தடையுத்தரவு அன்று. அயலவனை நேரில் அறிந்திருந்த அறிவே.

ஆசிரியராகிய நமது கடமை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு செய்தி கையில் வந்ததும் இதைச் சொல்பவன் யார், இதனால் ஆதாயம் யாருக்கு, சான்று எங்கே என்று கேட்க மாணவனைப் பழக்குவோம். தமிழ் மாணவன் சிங்களத்தையும், சிங்கள மாணவன் தமிழையும் கற்கட்டும். ஒருவன் மொழியை மற்றவன் அறியாத இடத்தில்தான் பொய்க்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கிறது. எழுத்தறிவித்தோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். எழுத்தை ஐயுறவும் கற்பித்தாலன்றி அப்பெருமை முழுமையடையாது.