யாவாவின் தெம்பே: ஓர் உணவின் சமூக வரலாறு

வரலாறு என்றதும் அரசரும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருதல் வழக்கம். ஆயின், கிடைத்ததை உண்ணத்தக்கதாக்கி உயிர்வாழ்ந்த சாதாரண மக்களின் அறிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வறிவு கல்வெட்டுகளிற் பொறிக்கப்படவில்லை. கைவழக்கமாகத் தலைமுறை தலைமுறையாக வந்தது. கடினமான அவரை வித்தொன்றை எளிதிற் செமிக்கும் உணவாக்கிய யாவாத்தீவு மக்களின் 'தெம்பே' இதற்குச் சிறந்த சான்றாகும்.

சோயா அவரையின் உலர்ந்த வித்திலே நூற்றுக்கு ஏறக்குறைய 35 முதல் 40 பங்கு புரதம் உண்டு. இறைச்சியும் மீனும் வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு இது பெருஞ்செல்வம். எனினும், எளிதில் எடுத்தாளக்கூடிய செல்வமன்று. பச்சை வித்திலுள்ள ஒருவகைப் பொருள், புரதத்தைச் செமிக்கச் செய்யும் திரிப்சின் என்ற நொதியத்தைத் தொழிற்படவிடாது தடுக்கின்றது. மேலும், வித்திலுள்ள ரபினோசு, சிற்றாக்கியோசு ஆகிய வெல்லங்களைச் சிதைக்கும் நொதியம் மனிதர் குடலில் இல்லை. செமிக்காத அவ்வெல்லங்கள் பெருங்குடலை அடைந்து பற்றீரியாக்களால் நொதிக்கப்படும்போது வாயு உண்டாகின்றது. அவரையுணவால் வயிறு பொருமுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

யாவா மக்கள் இச்சிக்கலைத் தீர்த்த முறை படிப்படியானது. வித்தை அவித்து, தோலை உரித்து, ஓரிரவு நீரில் ஊறவிடுவர். ஊறும் நீர் சிறிது புளிக்கும். பின் அந்நீரை ஊற்றிவிட்டு மீண்டும் அவித்து, நீரை வடித்து ஆறவிடுவர். பூவரசையொத்த வாரு மரத்தின் இலைகளிலே முன்னைய தெம்பேயிலிருந்து படியவிட்ட பங்கசினை அதனுடன் கலந்து, வாழையிலையிலோ தேக்கிலையிலோ பொதிந்து ஒன்றிரண்டு நாள் வைப்பர். வெண்ணிறப் பங்கசு இழைகள் வித்துகளை ஊடுருவிப் பிணைத்து இறுகிய கட்டியாக்கும். அதனை வெட்டிப் பொரித்தோ குழம்பிலிட்டோ உண்பர்.

இப்படிகளில் வீணானது ஒன்றேனும் இல்லை என்பது நோக்கற்பாலது. வெப்பம் திரிப்சினைத் தடுக்கும் பொருளின் பெரும்பகுதியை அழிக்கின்றது. ஊறவைத்த நீரையும் அவித்த நீரையும் அகற்றுவதால் வாயுவுண்டாக்கும் வெல்லங்களிற் கணிசமான பங்கு கரைந்து வெளியேறுகின்றது. நீரிலுண்டாகும் புளிப்பு தீய பற்றீரியாக்கள் பெருகாது காக்கின்றது. தோலை நீக்காவிடின் பங்கசு வித்தினுள்ளே புகவியலாது. உட்புகுந்த பங்கசோ புரதத்தையும் கொழுப்பையும் சிறு கூறுகளாகச் சிதைத்து, குடல் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை முன்னரே செய்துவிடுகின்றது. உளுந்தை ஊறவைத்துத் தோல் களைந்து அரைத்துப் புளிக்கவைக்கும் தமிழரின் தோசை மாவும் இந்நெறியின்பாற்பட்டதே. அங்கே பற்றீரியாவும் மதுவமும் ஆற்றும் பணியை யாவாவிற் பங்கசு ஆற்றுகின்றது.

இவ்வுணவு எப்போது தோன்றிற்று? 1814ஆம் ஆண்டளவிற் சுராகார்த்தா அரசவையிலே தொகுக்கத் தொடங்கப்பெற்ற 'செரத் செந்தினி' என்னும் யாவா மொழி நூல் தெம்பேயைக் குறிப்பிடுகின்றது. அந்நூலின் கதை நிகழ்வது 17ஆம் நூற்றாண்டிலாகும். 1830இல் ஒல்லாந்தர் புகுத்திய கட்டாயப் பயிர்ச்செய்கை முறை, குடியானவரின் நிலத்தையும் உழைப்பையும் கரும்புக்கும் அவுரிக்கும் திருப்பிற்று. அத்தகைய வறுமைக் காலத்திலே, குறைந்த செலவிற் புரதமளித்த இவ்வுணவின் பெறுமதி மிகப் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும்.

ஆய்வுகூடம் இவ்வறிவை நெடுங்காலம் பிந்தியே எட்டிப்பிடித்தது. 1895இல் பிறின்சன் கேர்லிக்சு என்னும் ஒல்லாந்த இரசாயனவறிஞர் தெம்பேயின் பங்கசு றைசோப்பசு இனத்தது என அறிவித்தார். 1917இல் ஒசுபோணும் மெண்டலும் ஐக்கிய அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, பச்சைச் சோயாவை உண்டவை நன்கு வளரவில்லை என்றும், அவித்ததை உண்டவை வளர்ந்தன என்றும் காட்டினர். 1945இலேயே குனிற்சு என்பார் திரிப்சினைத் தடுக்கும் பொருளைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். காரணம் இவ்வாறு தெளிவாகுமுன்னரே யாவாவின் கிராமங்கள் காரியத்தைச் சாதித்துவிட்டன.

இவ்வறிவின் வலிமையைப் போர்க்காலம் வெளிப்படுத்திற்று. 1942 முதல் 1945 வரை யப்பானியர் யாவாவை ஆண்டபோது, சிறைமுகாம்களில் வயிற்றுளைவால் நலிந்தோர் அவித்த சோயாவைச் செமிக்க இயலாதிருந்தனர். தெம்பேயையோ அவர்களின் உடல் ஏற்றுக்கொண்டது. வான் வீன், சேபர் ஆகியோர் 1950இல் வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துரைத்தது. அந்நியர் ஆட்சியில் அடிமைப்பட்டவரின் உணவு, ஆண்டவரின் உயிரையும் காத்தது.

ஆயினும் மதிப்பு உடனே கிடைக்கவில்லை. விடுதலை பெற்ற இந்தோனீசியாவின் முதற் சனாதிபதி சுகர்ணோவே, மென்மையும் தாழ்வும் உடைய 'தெம்பே இனம்' ஆகிவிடக் கூடாதெனத் தம் மக்களை எச்சரித்தார். மலிவான உணவு மலிவான அறிவென எண்ணப்பட்டமைக்கு இது உதாரணமாகும்.

அதேவேளை, மக்களறிவு என்பதற்காகவே யாவும் தீங்கற்றவை எனக் கொள்ளல் பொருந்தாது. தேங்காய்ப் பிண்ணாக்கிற் செய்யப்படும் 'பொங்குரெக்' என்னும் தெம்பே வகையில் சிலவேளை நச்சுப் பற்றீரியா பெருகிப் பலரைக் கொன்றது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, தேர்ந்த உற்பத்தியாளரிடம் வாங்க இயலாத மக்கள் தாமே அதனைச் செய்யத் தலைப்பட்டதால் மரணங்கள் பெருகின. அந்நஞ்சினை வான் வீனும் மேட்டன்சும் 1934இற் கண்டறிந்தனர். 1988இல் அரசு அவ்வகையைத் தடைசெய்தது. மக்களின் அனுபவத்தை ஆய்வுகூடம் திருத்தவும் காக்கவும் வேண்டும் என்பதையும், தேர்ந்த கைகளின் அனுபவம் எளிதில் ஈடுசெய்யப்படாதது என்பதையும் அந்நிகழ்வுகள் ஒருங்கே உணர்த்துகின்றன.

இன்று தெம்பே பல நாடுகளிற் சத்துணவாகப் போற்றப்படுகின்றது. ஆனால் இந்தோனீசியா அதற்கு வேண்டிய சோயாவிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றது. அதிலும் மிகுதி ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வருகின்றது. 2008 சனவரியில் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, தெம்பே, தோபு உற்பத்தியாளர் ஆயிரக்கணக்கில் யகார்த்தாவின் சனாதிபதி மாளிகை முன் திரண்டு முறையிட்டனர். வித்தை உணவாக்கும் அறிவு அவர்கள் கையில் இருந்தது. வித்தின் விலையோ அவர்கள் கையில் இருக்கவில்லை. ஒரு மக்களினம் தன் அறிவைக் காப்பது மட்டும் போதாது, அவ்வறிவு தொழிற்படுவதற்கான நிலத்தையும் விளைவையும் காத்தல் வேண்டும் என்பதே தெம்பேயின் வரலாறு புகட்டும் பாடமாகும்.