உரோமாபுரி வீதிகளும் உலாவரும் கமெராவும்

உரோமாபுரியைக் கற்றோர் பலர், கண்டோர் சிலர். நமது பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய வரலாற்றைப் பயிலும் மாணவர்க்கு அந்நகர் நெடுங்காலமாகப் பெயர்களினதும் ஆண்டுகளினதும் தொகுதியாகவே இருந்து வந்துள்ளது. விமானச் சீட்டின் விலையை அறிந்தோர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இன்று நிலைமை ஓரளவு மாறியுள்ளது. கமெராவை ஏந்திய ஒருவர் நகர வீதிகளில் ஒரு சொல்லும் பேசாது இரண்டு மணி நேரம் நடக்கிறார். அவருடைய காலடியோசையும் நீரூற்றின் ஒலியும் கேட்க, நாமும் உடன் நடக்கிறோம். இத்தகைய காணொளிகள் இணையத்தில் எண்ணிறந்தன. இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உளர். இவற்றையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆயின், கல்வெட்டையும் பட்டயத்தையும் எவ்வாறு ஐயுற்று நோக்குகிறோமோ, அவ்வாறே இவற்றையும் நோக்குதல் வேண்டும்.

முதலில் இவற்றின் பயனைக் கூறலாம். தேசப்படம் தளத்தைக் காட்டும். மட்டத்தை எளிதிற் காட்டாது. பந்தியன் கோயிலை நோக்கி நடப்பவரின் காணொளியைக் கூர்ந்து பார்ப்போர், சதுக்கம் கோயில் வாயிலை நோக்கிச் சரிந்து இறங்குவதைக் காண்பர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏட்ரியன் காலத்தில் அக்கோயிலுக்குள் செல்வதற்குப் படிகளில் ஏறவேண்டியிருந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளின் மண்ணும் இடிபாடும் நகரின் தரையை உயர்த்திவிட்டன. 609இல் கிறித்தவ தேவாலயமாக மாற்றப்பட்டமையாற் கோயில் பிழைத்தது. அதைச் சூழ்ந்த தரை மேலெழுந்தது. பக்கம் பக்கமாகப் படித்தும் மனத்திற் பதியாத இவ்வுண்மை, அரை நிமிட நடையிற் பதிந்துவிடுகிறது. நவோனா சதுக்கமும் அத்தகையதே. நீண்டு ஒடுங்கி ஒரு முனையில் வளையும் அதன் வடிவம், முதலாம் நூற்றாண்டில் தொமீசியன் அமைத்த ஓட்டப்பந்தய அரங்கின் வடிவமாகும். பார்வையாளர் ஆசனங்கள் இருந்த இடத்திலேயே இன்றைய வீடுகள் நிற்கின்றன.

இனி இவற்றின் குறைபாட்டை நோக்குவோம். ஏறக்குறைய எல்லா நடையுலாக்களும் ஒரே பாதையைப் பின்பற்றுகின்றன: வெனேசியா சதுக்கத்திலிருந்து கொலோசியம் வரை செல்லும் அகன்ற நேர்வீதி. இருபுறமும் பேரரசர்களின் மன்றங்கள், எதிரே கொலோசியம். பழைய உரோமாபுரியின் இராசபாட்டையில் நடக்கிறோம் என்ற உணர்வு நம்மை ஆட்கொள்கிறது. உண்மையில் அவ்வீதிக்கு இன்னும் நூறு வயது நிறையவில்லை. பாசிசவாதிகள் உரோமாபுரி மீது படையெடுத்ததன் பத்தாம் ஆண்டு நிறைவு நாளான 1932 ஒக்தோபர் 28இல் முசோலினி அதனைத் திறந்து வைத்தார். அன்று அதற்கிட்ட பெயர் ‘பேரரசு வீதி’. வெனேசியா மாளிகையில் அமர்ந்திருந்த சர்வாதிகாரிக்கும் கொலோசியத்துக்கும் இடையே நேர்கோடு ஒன்று தேவைப்பட்டது. அதன்பொருட்டு வேலியா என்னும் குன்று வெட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அலெசாந்திரீனோ குடியிருப்பு இடித்தழிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் நகருக்குப் புறத்தே அமைந்த வசதியற்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். பழைமையைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு அகழ்ந்தெடுத்த மன்றங்களின் பெரும்பகுதியை அவ்வீதியின் கீழேயே மீண்டும் புதைத்தனர் என்பதையும் இங்கு கூறியாகவேண்டும்.

இதனைக் காணொளி தானாகக் கூறுவதில்லை. 1748இல் யொவான்னி பத்தீஸ்தா நொல்லி வெளியிட்ட நகரப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தாற் புலப்படும். பன்னிரண்டு தாள்களாலான அப்படத்தில், இன்று வாகன வீதியாகத் தோன்றும் வெளியெங்கும் வீடுகளும் சந்துகளும் நெருங்கி நிற்கின்றன. எனினும் காணொளியிலும் ஒரு தடயம் உண்டு. கொலோசியத்தை நோக்கி நடக்கையில், வலப்புறத்தில் மக்சென்சியுசின் மண்டபத்தை ஒட்டிய சுவரில் நான்கு பளிங்குப் படங்கள் கணநேரம் தென்படும். சிறு புள்ளியாயிருந்த உரோமாபுரி திராயன் காலப் பேரரசாக விரிந்தமையை அவை காட்டுகின்றன. 1934இல் இவை பதிக்கப்பட்டன. ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. எதியோப்பியாவைக் கைப்பற்றிய பின்னர் முசோலினியின் ‘புதிய பேரரசை’க் காட்டுமாறு வைக்கப்பட்ட அப்படம், போருக்குப் பின் அகற்றப்பட்டது. நடப்பவர் பெரும்பாலும் அங்கு நிற்பதில்லை. காணொளியை நாம்தான் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

புனித பேதுரு பேராலயத்தை நோக்கிய அகன்ற வீதியின் கதையும் இதுவே. 1936இல் தொடங்கிய இடிப்பில் அங்கிருந்த குறுகிய தெருக்கள் மறைந்தன. வேலைகள் 1950இல் முடிவுற்றன. இருண்ட சந்திலிருந்து வெளிப்பட்டதும் பெர்னீனியின் தூண்வரிசை திடீரெனக் கண்முன் விரியும் அனுபவமும் அத்தோடு மறைந்தது. இன்று அது தொலைவிலேயே தெரிகிறது. கமெராவுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

தைபர் ஆற்றங்கரையிலுள்ள யூதர் பகுதியில் உலாவருவோர் உணவகங்களையே அதிகம் படம்பிடிக்கின்றனர். 1555இல் பாப்பரசர் நான்காம் பவுல் யூதரை மதிலுக்குள் அடைத்த இடம் அது. 1943 ஒக்தோபர் 16இல் நாசிப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதரைப் பிடித்து அவுஸ்விற்சுக்கு அனுப்பினர். 16 பேரே உயிருடன் திரும்பினர். அவர்கள் வாழ்ந்த வீடுகளின் வாயில்களில் 2010 முதல் சிறு பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, பிடிபட்ட நாள். அவை நிலத்தில் உள்ளன. கமெராவோ நெஞ்சு மட்டத்தில் முன்னோக்கிச் செல்கிறது. ஒரு சட்டத்தின் கீழ் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மின்னி மறையும், அவ்வளவே.