ஓசியில் வந்த கருவிகள், காணாமல் போன புராஜெக்ட்டுகள்

ஸ்கூல் புராஜெக்ட்னு சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு கான்வா, பேட்லெட் மாதிரி இணையக் கருவிகள் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப் போறது அந்த ரெண்டாவது வகையோட முன்னோர்களைப் பத்தி. வகுப்பறைக்கு இலவசமா வந்த இணையக் கருவிகளுக்குக் கிட்டத்தட்ட 30 வருஷ வரலாறு இருக்கு. அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்குது: கடையைச் சாத்தும்போது, உள்ளே இருந்த பிள்ளைகளோட உழைப்பும் சேர்ந்து போயிடுது.

முதல் கதை, திங்க்குவெஸ்ட். 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டி. நடத்தியது அட்வான்ஸ்டு நெட்வொர்க் அண்ட் சர்வீசஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. ஆரம்பகால இணையத்தின் முதுகெலும்பான வலையமைப்பை நடத்துவதில் பங்கெடுத்தவர்கள் இவர்கள். அந்தத் தொழிலை ஏஓஎல் நிறுவனத்துக்கு விற்ற பிறகு கல்விப் பக்கம் திரும்பினார்கள். போட்டி ரொம்ப எளிமையானது. மாணவர்கள் சின்னக் குழுவாகச் சேரணும், ஒரு ஆசிரியர் வழிகாட்டணும், பிடித்த தலைப்பில் எழுத்து, படம், ஒலி எல்லாம் சேர்த்து ஒரு இணையதளம் செய்யணும். ஒரு குழுவில் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம்.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது என்ன தெரியுமா? வழக்கமா புராஜெக்ட்டைப் படிக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் டீச்சர்தான். அவர் மார்க் போட்டதும் அது பரணுக்குப் போயிடும். இங்கேயோ, ஒரு மாணவி செய்ததை உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கிற மாணவன் தன் பாடத்துக்காகப் படிச்சான். ஆயிரக்கணக்கான தளங்கள் சேர்ந்து ஒரு நூலகமாகவே ஆச்சு.

2002-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கல்வி அறக்கட்டளை இதை எடுத்துக்கொண்டது. 2013 ஜூலை 1 அன்று மூடிவிட்டது. இன்னைக்கு அந்தத் தளங்களில் சிலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில், அங்கங்கே படம் உடைந்த நிலையில் பார்க்கலாம்.

அதே ஜூலை மாசம் எக்ஸ்ட்ராநார்மலும் மூடிச்சு. வசனத்தை டைப் பண்ணினால் பொம்மைகள் ரோபோ குரலில் பேசி நடிக்குமே, அதுதான். பிறகு ஃபிளிப்கிரிட். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மாணவர்கள் சின்ன வீடியோவில் பதில் சொல்லும் கருவி. 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, பள்ளிகளுக்கு முழுசா இலவசம்னு அறிவிச்சது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே படித்த பிள்ளைகள் பேசவும் பதில் சொல்லவும் இது உதவியது. 2024-ல் அந்தத் தனிச் செயலியும் நிறுத்தப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டும் அதே வருஷம் டிசம்பர் 31-ல் முடிஞ்சது.

இவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? அப்படி நான் நினைக்கலை. சர்வருக்கு மாசாமாசம் யாரோ பணம் கட்டணும். மாணவர் கட்டலை, பள்ளியும் கட்டலை. அப்போ கட்டுகிறவருக்கு எப்போ ஆர்வம் குறையுதோ, அப்போ கதை முடியும்.

ஆனா தப்பிச்ச கதையும் இருக்கு. எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கிய ஸ்கிராட்ச் 2007-ல் வெளிவந்தது. இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து டிஜேக்கள் ஒலியைக் கலக்குறாங்களே, அதிலிருந்து வந்த பெயர். ஒருத்தர் செய்த கதையையோ விளையாட்டையோ இன்னொருத்தர் எடுத்து மாற்றலாம்.

2013-ல் வந்த ஸ்கிராட்ச் 2.0, ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் ஓடியது. 2017-ல் அடோபி, 2020 முடிவோட ஃபிளாஷுக்கு ஆதரவு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. ஃபிளாஷில் செய்த எத்தனையோ அனிமேஷன்கள் பிரவுசரில் திறக்காமல் போனது அப்படித்தான். ஸ்கிராட்ச் குழு மட்டும் 2019 ஜனவரியிலேயே முழுசையும் புதுசாக எழுதி 3.0-வை வெளியிட்டாங்க. பழைய புராஜெக்ட்டுகளும் அதில் திறந்தன. அதோட, புராஜெக்ட்டை ஒரு கோப்பாக இறக்கி நம்ம கணினியிலேயே வெச்சுக்கலாம். மூல நிரலும் திறந்தே இருக்கு.

ஆடாசிட்டியும் அப்படித்தான். 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-ல் வெளிவந்த இலவச ஒலிப்பதிவுக் கருவி. நான் ஆடியோ வெட்டி ஒட்டப் பழகினதும் அதில்தான். வேலை முடிஞ்சதும் கையில் ஒரு எம்பி3 கோப்பு மிஞ்சும். நாளைக்கு ஆடாசிட்டியே இல்லைன்னாலும் அந்தக் கோப்பு பாடும்.

அதனால, புதுசா ஒரு இலவசக் கருவி வந்தா வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். தாராளமா பயன்படுத்துங்க. ஆனா பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்னாடி, வேலை முடிஞ்சதும் வெளியே எடுத்து வைக்க ஒரு டவுன்லோடு பட்டன் இருக்கான்னு பாருங்க. வேறு மென்பொருளிலும் திறக்கிற கோப்பாக அது வருதான்னும் பாருங்க. ஒரு எட்டாம் வகுப்பு மாணவி மூணு வாரம் உட்கார்ந்து செய்த வேலை, அவளோட முதல் படைப்பா இருக்கலாம். அது அவள் கையிலும் ஒரு பிரதியா இருக்கணும்.

உங்க பழைய புராஜெக்ட் ஏதாவது இன்னும் இணையத்தில் உயிரோட இருந்தா, இந்த வாரமே இறக்கி வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.