வெனிலா கேக்கில் வெனிலா எங்கே?

போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே வெனிலா கேக் செய்தேன். ஒரகடத்தில் கேக் கிடைக்காமல் இல்லை. “உங்களுக்கு வருமா?” என்று மனைவி கேட்டுவிட்டாள், அதுதான் காரணம்.

முட்டை இல்லாத செய்முறைதான். ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரையைக் கலக்கி, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா போட்டால் ஐந்து நிமிடத்தில் நுரைத்து வரும். பிறகு அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் எசென்ஸ், ஒன்றரை கப் மைதா. 180 டிகிரியில் 35 நிமிடம். வெண்ணெய் போட்ட கேக் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும். எண்ணெய் அங்கேயும் திரவமாகவே இருப்பதால் கேக் மறுநாளும் ஈரமாக, மெத்தென்று இருக்கும். சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இனிப்பைக் கண்டபடி குறைக்காதீர்கள்.

கேக் வெந்துகொண்டிருந்த நேரத்தில் எசென்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘செயற்கை மணமூட்டி’ என்று இருந்தது. அப்போ உண்மையான வெனிலா எங்கே போனது? அன்று இரவு தேட ஆரம்பித்தது, வழக்கம்போல இரண்டு வாரம் இழுத்துவிட்டது.

வெனிலா மெக்சிகோவின் ஆர்க்கிட் கொடி. வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் வளர்த்தார்கள், பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி அங்கே இல்லை. பெல்ஜியத்தில் சார்லஸ் மோரன் என்ற தாவரவியலாளர் 1836-இல் கையாலேயே சேர்க்கை செய்து காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்துக்கு ஒத்துவரும் வழி 1841-இல், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில்தான் கிடைத்தது. கண்டுபிடித்தவன் எட்மண்ட், 12 வயது அடிமைச் சிறுவன்.

அவனுடைய எஜமானர் ஃபெரியோல் பெல்லியே-போமோன். தர்ப்பூசணிப் பூவைக் கையால் சேர்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். சுமார் 20 ஆண்டாக மலடாக நின்ற வெனிலாக் கொடியில் ஒருநாள் காய் தொங்குவதைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்றான் பையன். பூவுக்குள் ஆண், பெண் பாகங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சிறு குச்சியால் அதைத் தூக்கி, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இன்றும் உலகம் முழுக்கத் தோட்டங்களில் இதே விரல் வேலைதான்.

1848-இல் அடிமை முறை ஒழிந்தது. எட்மண்டுக்கு விடுதலையும் ‘அல்பியுஸ்’ என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன, காசு கிடைக்கவில்லை. திருட்டு வழக்கில் சிறைக்குப் போனார். பெல்லியே-போமோன் மனு எழுதிப் போராடியதில் முன்கூட்டியே வெளியே வந்தார். ‘அந்த முறையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்’ என்று ரிஷார் என்ற தாவரவியலாளர் உரிமை கொண்டாடியபோது மறுத்து எழுதியவரும் அதே பெல்லியே-போமோன்தான். எஜமானர்தானே என்று நான் முதலில் அவரை அலட்சியமாகத்தான் வாசித்தேன். எட்மண்ட் 1880-இல் வறுமையில் செத்துப்போனார். அதற்குள் வெனிலா அந்தத் தீவுக்குப் பெரும் பணப்பயிராகி இருந்தது.

விடுதலையான அடிமைகளின் இடத்துக்கு யார் போனார்கள் தெரியுமா? புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள், நிறைய பேர் நம் ஆட்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. ரீயூனியனில் தமிழ்க் கோயில்கள் இருப்பது இப்படித்தான்.

1874-இல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஊசியிலை மரச்சாற்றுப் பொருளிலிருந்து வெனிலின் தயாரித்தார்கள். இன்று பெரும்பகுதி பெட்ரோலிய ரசாயனத்திலிருந்து வருகிறது. என் பாட்டிலில் இருந்தது அந்த ஒரே ஒரு மூலக்கூறு. காயில் அதோடு நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டு.

வைராக்கியமாக ஒரு காய் வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். அடுத்த கேக்கில் பாதியைக் கீறிப் போட்டேன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மெல்லிய மணங்கள் அடுப்புச் சூட்டில் பறந்துவிடுகின்றன. மீதிப் பாதியைப் பாலில் ஊறவைத்து கஸ்டர்ட் செய்தோம். மகள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு, “அப்பா, இது ஐஸ்கிரீம் வாசனை இல்லையே, பூ வாசனை” என்றாள்.