இரண்டு கிராமும் ஒரு குறிச்சியும்

இலங்கையின் போதைப்பொருள் சட்டம் ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அதன் அடித்தளம். பிரித்தானிய ஆட்சியில் அது இயற்றப்பட்டபோது கவனம் பெற்றவை அபினும் கஞ்சாவுமே. சுதேச வைத்தியர்கள் மருந்துக்கு அபின் பெறுவதற்கும் அதில் இடமிருந்தது.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் கொழும்பின் ஒழுங்கைகளுக்குள் பரவியதோடு நிலைமை மாறியது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டு, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை விதிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் இந்நாட்டில் கடைசித் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976இல்! அதன் பின்னர் நீதிமன்றங்கள் மரண தண்டனையைத் தீர்ப்பாக வழங்கி வந்தனவேயன்றி எவரும் தூக்கிலிடப்படவில்லை.

இந்த 2 கிராம் யாருடைய சட்டைப்பையில் அகப்படுகிறது என்பதே இங்கு எழும் கேள்வி. கடல் வழியாகச் சரக்கை இறக்குபவன் அதைத் தன் கையால் தொடுவதில்லை. குறிச்சியில் அகப்படுபவன், தன் தேவைக்காகச் சிறிது விற்கும் அடிமையானவனே. விற்கவும் வழியற்றவன் அயல் வீட்டு நீரிறைக்கும் இயந்திரத்தையும் துவிச்சக்கர வண்டியையும் திருடுகிறான். இறுதியில் தாயின் சங்கிலியும் போய்விடுகிறது. அவன் பிடிபட்டால் பிணை எளிதில் கிடைப்பதில்லை. இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை விளக்கமறியலில் காத்திருக்கிறான். அவன் விட்டுச்சென்ற இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுகிறான்.

2009இல் போர் முடிந்த பின்னர் பாக்கு நீரிணையூடான கேரளக் கஞ்சாக் கடத்தல் வடக்கின் கரையோரங்களைத் தொட்டது. ஹெரோயினும் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளும் தொடர்ந்து வந்தன. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 'ஐஸ்'ஸையும் மரண தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது.

2019 யூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்றக் கையொப்பமிட்டதாக அறிவித்தார். அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானதாகத் தெரிவிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் அந்நடவடிக்கையை இடைநிறுத்துமாறு கோரினர். தூளால் சீரழிந்த வீட்டுப் பெற்றோரில் பலர் இத்தகைய தேடுதல்களை வரவேற்றதையும் மறுக்க முடியாது. வேறு எவரும் அவர்களது கதவைத் தட்டவில்லை அல்லவா?

சிகிச்சைக்கெனவும் 2007இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் படையினரின் மேற்பார்வையில் இயங்கிய கந்தக்காடு நிலையத்தில் 2022 யூனில் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். வேலிக்குள் அடைப்பது சிகிச்சையாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓர் ஒழுங்கையில் தூள் விற்கப்படுவது பொலிஸாருக்கு முன்னரே அங்கு வாழ்வோருக்குத் தெரிந்துவிடுகிறது. தகவல் கொடுத்தவரின் பெயர் வெளியே கசியாது என்ற உறுதியும், பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில் மருத்துவர் இருக்கும் சிகிச்சை நிலையமும் அவர்களுக்குத் தேவை. 1984 முதல் நாம் தண்டனையின் பாரத்தையே கூட்டி வந்திருக்கிறோம். குறிச்சியின் பாரம் குறையவில்லை.