குக்கியும் பிஸ்கட்டும்

"தாத்தா, குக்கி இருக்கா?" என்று கேட்டாள், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பேத்தி. பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குக் என்றால் சமைப்பது, அதிலிருந்துதான் குக்கி" என்று ஒரு விளக்கமும் சொல்லிவைத்தேன். அவளும் நம்பிவிட்டாள். அவள் ஊருக்குப் போன பிறகு அகராதியைப் புரட்டினேன். நான் சொன்னது சுத்தத் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

பிஸ்கட் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரிந்த சொல். பிரெஞ்சில் பிஸ் என்றால் இருமுறை, குயி என்றால் வெந்தது. நீண்ட கப்பல் பயணத்தில் கெடாமலிருக்க இருமுறை சுட்ட ரொட்டிக்கு ஏற்பட்ட பெயர் அது.

குக்கியோ டச்சு மொழி. அதில் கூக் என்றால் கேக். எதையும் சின்னதாக, செல்லமாகச் சொல்ல டச்சுக்காரர்கள் கடைசியில் ஒரு 'யெ' சேர்ப்பார்கள். கூக்யெ என்றால் குட்டிக் கேக். பிரெஞ்சிலும் இந்த வழக்கம் உண்டு. மெசோன் என்றால் வீடு, மெசோனெத் என்றால் சின்ன வீடு. (நம்மூர் அர்த்தத்தில் அல்ல!)

இது எப்படி ஆங்கிலத்துக்குப் போனது? இன்றைய நியூயார்க், டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த ஊர். 1664-ல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்ட் சண்டையின்றி ஊரை ஒப்படைத்தார். கொடி மாறியது, ஊர்ப் பெயரும் மாறியது. ஆனால் டச்சுக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அவர்கள் வீட்டு அடுப்பும் அணையவில்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்கள் பலகாரத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி எழுதி வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் புத்தகத்தில் குக்கிக்குச் செய்முறை இருக்கிறது. கொடி இறங்கி 132 வருடம் கழித்து! ஆபீசில் நாங்கள் பயந்து நடுங்கிய 'பாஸ்' என்ற சொல்லும் டச்சிலிருந்து வந்ததுதான்.

அதே 1796-ல்தான் டச்சுக்காரர்கள் கொழும்பை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அங்கும் அதே கதை. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, இரும்பு அச்சை முக்கி எண்ணெயில் பொரிக்கும் பலகாரம், நம் அச்சு முறுக்கேதான். சித்திரைப் புத்தாண்டுக்கு அது இல்லாமல் இருக்காது. அதற்கு அங்கே பெயர் கொக்கிஸ். கூக்யெயின் பன்மையிலிருந்து வந்த பெயர். நம் தமிழில் மட்டும் என்ன? துட்டு என்பது அவர்களுடைய செப்புக் காசின் பெயர். கக்கூஸும் அவர்கள் கொடுத்ததுதான்.

கோட்டையைப் பிடித்தவர்கள் போய்விட்டார்கள். அடுப்படிக்குள் நுழைந்த சொல்லை யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தியிடம் தவறை ஒப்புக்கொண்டேன். "அப்போ குக்கின்னா குட்டிக் கேக்கா?" என்றாள். ஆமாம்மா, குட்டிக் கேக்தான். அடுத்த லீவுக்கு வரும்போது அவளுக்கு அச்சு முறுக்கு சுட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.